மஞ்சள் போட்ட மீன்தோல்

மீன் தோலிலிருந்து மருந்துப் பொருள் செய்கிறோம் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். "தோலா? அத்தப் போயி இன்னா பண்ணுவாங்க?" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒரகடத்தில் பெரிய கார் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட், அதை ஒட்டிக் கண்ணாடி அறை. அதுதான் நான் வேலை பார்க்கும் இடம். மீனைத் துண்டு போட்டு ஏற்றுமதி செய்கிறவர்கள் கழித்துப்போடும் தோல் ஐஸ் பெட்டியில் வரும். செதிள் சுரண்டி, கழுவி, காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் என்னென்னவோ செய்து அதிலிருந்து கொலாஜன் என்கிற புரதத்தை எடுப்பார்கள். கடைசியில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி தகடாக வரும். தீக்காயத்திலும் ஆறாத புண்ணிலும் வைக்கிற தகடு. அதை உறையில் போடுவது என் வேலையாக இருந்தது.

தோல் சுரண்டும் இடத்தில் என் நாத்தனாரைச் சேர்த்துவிட்டேன். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிற கட்டையில போறவன். தாங்க முடியாமல் குன்றத்தூரிலிருந்து ஒரே ஒரு பையோடு பென்னலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "வேல பெர்மனெண்ட் ஆச்சுன்னா இங்கயே இரு. இல்லன்னா அவன் வூட்டுக்கே போய்டு. ஊரு வாய நான் மூட முடியாது." கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். வசவு எனக்கும் சேர்த்து விழுந்தது.

அவள் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாத ஜென்மம். கம்பெனி பஸ்ஸில் நாற்றம் என்று அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "நல்லதாப் போச்சு அண்ணி, காலை நீட்டிக்கினு போலாம்" என்பாள். பெர்மனெண்ட் ஆக அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப்பார்க்க வருவதாக ஏற்பாடானது. முந்தின நாள் தோலை வைக்கும் குளிர் அறையின் மெஷின் படுத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய சூப்பர்வைசர் வாசலில் வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தோல் நாற ஆரம்பித்ததும் அவளிடம் ஓடிவந்து, "எக்கா, என்னத்தையாவது பண்ணுங்க. நாளைக்கு நாத்தம் மட்டும் வரப்படாது" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாழைமரத்துக்கே போய்விட்டார்.

மீன் நாறினால் நம் வீட்டில் என்ன செய்வோம்? கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறிக் கழுவுவோம். அவளும் அதைத்தான் செய்தாள். கேண்டீனில் இருந்த மஞ்சள்தூளை எல்லாம் வாங்கிவந்து தோல் முழுவதையும் பிசறி வைத்தாள். நாற்றம் போயே போச்சு. மறுநாள் வந்தவர்களுக்கு மாலை, சால்வை, இளநீர். சூப்பர்வைசர் ஒரு தோலை எடுத்து அவர்கள் மூக்குக்கு நேராகவே நீட்டினார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். "கலக்கிட்டீங்கக்கா" என்று சூப்பர்வைசர் அவளிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அதற்கு மறுநாள் அந்தத் தோலைக் காரத் தொட்டியில் இறக்கினார்கள். தண்ணீர் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? அவளுக்கும் தெரியும். தொட்டியில் இருப்பது சுண்ணாம்புக்கு அண்ணன் என்றுதான் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "கிட்ட போவாத, கை வெந்துடும்" என்பதோடு அவளுக்குக் கொடுத்த டிரெய்னிங் முடிந்தது.

எவ்வளவு அலசியும் கறை போகவில்லை. வெள்ளைத் தகடு வெள்ளையாக இருந்தால்தானே ஆஸ்பத்திரிக்காரன் வாங்குவான்! எல்லாத் தோலையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். முதலாளி முன்னால் வைத்து சூப்பர்வைசர் கேட்டார்: "ஒங்கள யாருக்கா மஞ்ச போடச் சொன்னா? இது என்ன மீன் கொழம்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி அறையிலிருந்து தலையுறையோடு வெளியே வந்து கத்தினேன். "நீதானய்யா என்னத்தையாவது பண்ணுன்ன? மெஷினை ரிப்பேர் பண்ணாம வாழமரம் கட்டிக்கினு இருந்தது யாரு?" முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அன்றைக்கே நிறுத்தினார்கள். என்னைக் கண்ணாடி அறையிலிருந்து எடுத்து அவள் இடத்தில் தோல் சுரண்டப் போட்டார்கள். இப்போது பஸ்ஸில் எனக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது.

சொன்ன சொல் தவறாத மனிதர் என் வீட்டுக்காரர். அந்த வாரமே ஆட்டோ பிடித்துத் தங்கையைக் குன்றத்தூரில் விட்டுவிட்டு வந்தார். அன்று நான் சமைக்கவில்லை. அவர் ஓட்டலில் தின்றுவிட்டு வந்து படுத்தார்.

ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற அன்று அவள் வந்தாள். புடவைத் தலைப்பால் வலது கையை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

"கஞ்சி கொட்டிக்கிச்சு அண்ணி."

"கொட்டிக்கிச்சா, கொட்டினானா?"

அவள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம கம்பெனி தகடு, இதுக்குத்தான போடுவாங்க?"

"ஆமாம்டி."

கம்பெனி கேட்டில் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்துத்தான் எங்களை வெளியே விடுவார்கள். ஒரு துணுக்குத் தகடு என் கைக்கு வராது. அது அவளுக்கும் தெரியும். அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து பூசினேன். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"பாத்துப் போடு அண்ணி. உன்னையும் வேலைய வுட்டு நிறுத்திடப் போறாங்க."