ஜொவிட்டா டீச்சர் தொடாத பை

தட்டிவிட்டு ஜொவிட்டா டீச்சர் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வரும்வரை தாழ்ப்பாள் பக்கம் கை போகாது. மந்தைவெளியில் வீடில்லாத பெண்களுக்கான இல்லம் அது, பொறுப்பாளர் அவர்தான். எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. ஆனாலும் நிற்பார். "ப்ளாட்ஃபாரத்துல படுத்தவளுக்குக் கதவே கெடையாது. இங்கயாவது தட்டிட்டு வந்தா என்னா கொறஞ்சுடப்போவுது?" என்பார்.

இருபத்தாறு வருஷம் கான்வென்ட் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். அவர் இங்கே கூப்பிட்டால் அபிராமபுரத்தில் போகிற ஆட்டோ நிற்கும் என்று இல்லத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் பதினாறு பேருக்கு ஆதார் அட்டை, மாத்திரை, வேலை என்று அலைகிறார். ஆபீஸில் "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்கிறவர்கள், பாவம், அவரை அறியாதவர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "நாளைக்குத்தானே? பரவால்ல, இங்கயே வெயிட் பண்றேன்."

இவ்வளவு கெட்டிக்காரர், இல்லத்துக்கு வரும் பெண்களின் பையை மட்டும் தொடமாட்டார். முதல் வருஷம் ஒருத்தி அழுக்கு மூட்டையோடு வந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில், டீச்சர் நல்லது செய்வதாக நினைத்து, மூட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டுவிட்டார். அதில் கிழிந்த குழந்தைச் சட்டை ஒன்றும் இருந்தது. திரும்பி வந்தவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மறுபடி மறுபடி முகர்ந்தாள். பிறகு ஈரத்துணியை வாரிக்கொண்டு போனவள்தான், வரவே இல்லை. "வாசனையக்கூட நான் கழுவிட்டேன்ப்பா" என்று சொல்லும்போது இன்றைக்கும் அந்தப் பெரிய குரல் உடைகிறது.

போன மாதம் வடபழனி பஸ் டிப்போ வாசலிலிருந்து பங்கஜம் வந்து சேர்ந்தாள். ஐம்பது வயது, சர்க்கரை வியாதி, இடது காலில் புண். மடியில் பையை வைத்துக்கொண்டுதான் சாப்பாடு. அதன் மேல் தலை வைத்துத்தான் தூக்கம். இரண்டு விரலை உடனே எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். ஆபரேஷன் தியேட்டருக்குள் பை கூடாது என்றதுமே பங்கஜம் எழுந்துவிட்டாள்.

"காலு போனா போவுது. பைய குடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்?"

டீச்சர் அதட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். "உன் பைதானே, நீயே யோசிச்சுச் சொல்லு" என்று இல்லத்துக்கே திரும்பக் கூட்டிவந்தார். இரண்டு நாள் பங்கஜம் பையைக் கட்டிக்கொண்டு படுத்தே கிடந்தாள். விரல் கறுத்துக்கொண்டே வந்தது. டீச்சர் மணிக்கொரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். பையைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாராம். நினைத்ததோடு சரி.

மூன்றாம் நாள் காலை பங்கஜமே நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். பையின் ஜிப் எப்போதோ அறுந்துபோயிருந்தது. அதன் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி, டீச்சர் பார்க்கும்படி மூன்று முடிச்சுப் போட்டாள்.

"நீயே வச்சுக்கினு இரும்மா. தொறக்கக் கூடாது. கீழ வெக்கக் கூடாது. அங்கயே குந்திக்கினு இருக்கணும்."

ஒரு மணி நேர வேலை என்றார்கள், மூன்று மணி நேரம் ஆயிற்று. தியேட்டர் வாசல் பெஞ்சில் டீச்சர், மடியில் பை. நர்ஸ் ஃபிர்தௌஸ் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பெஞ்சுக்கு அடியில வச்சுட்டு ஒரு காபி குடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். டீச்சர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். தொண்டை வறண்டிருந்தது, பாத்ரூம் வேறு போகவேண்டும். ஆள் அசையவில்லை.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. பாதி மயக்கத்தில் பங்கஜத்தின் கை, கட்டுப்போட்ட காலைத் தேடவில்லை. பக்கத்தில் எதையோ துழாவியது. டீச்சர் மரத்துப்போன காலோடு எழுந்தார். பையை உடனே கையில் கொடுத்துவிடவில்லை. கண் திறக்கட்டும் என்று காத்திருந்து, மூன்று முடிச்சும் தெரியும்படி திருப்பி, பங்கஜத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார்.