மசியாத கத்தி

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருப்பவர்களுக்கும், வர இயலாமல் வீட்டிலிருந்தே இந்த நினைவு மலரைப் பிரிப்பவர்களுக்கும் வணக்கம். அப்பாவின் நற்குணங்களைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டார். நற்குணங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களில் பலர், அப்பா கடைசிக் காலத்தில் கத்தியால் கழுத்தை அறுத்துக்கொள்ளப் பார்த்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். துக்கத்துக்கு வந்த இடத்திலேயே என் காதுபட அதைப் பேசினீர்கள். அது பொய். அப்பா அறுத்தது ஒரு துண்டை.

அப்பா கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தார். மீசை முளைக்கும் முன்பே படகேறிவிட்டார். எங்களைச் சின்னப் பிள்ளைகளாக விட்டுவிட்டு அம்மா இறந்துபோனபோது, இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கடலிலிருந்து வந்த கையோடு சோறு வடிப்பார், எனக்குத் தலை வாரி ரெட்டைச் சடை போடுவார். சடை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். ரிப்பன் மட்டும் வலை முடிச்சில் கட்டியிருப்பதால் சாயங்காலம் வரை அசையாது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்த பெண்களின் ரிப்பன்கள் மத்தியானமே அவிழ்ந்து தொங்கும்.

அவருடைய அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி தொங்கும். கட்டைவிரலால் ஒரு நெட்டு நெட்டினால் விரிந்துகொள்ளும். இஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் அந்தக் கத்தியோடு தண்ணீருக்குள் குதித்து அறுத்துவிட்டு வருவார். கரைக்கு வந்தபின் அதே கத்தியால் எங்களுக்கு மாங்காய் கீறித் தருவார். "அதை எடுத்துக் கொடு, இதை அவிழ்த்து விடு" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. நற்குணம் என்று அண்ணன் கேட்டது இதுதான் என்றால், எழுதிவிட்டேன்.

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் சட்டை, கைலியோடு அந்தக் கத்தியும் எங்கோ போய்விட்டது. அண்ணன் அப்பாவைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். குளிப்பாட்டினார், பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அதை நான் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் அப்பாவுக்கு மிஞ்சிய வேலை ஒன்றே ஒன்று. வாயைத் திறப்பது. குழையப் பிசைந்த சோற்றை ஸ்பூனில் ஊட்டுவார்கள். சிந்தாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போடுவார்கள். ஊட்டி முடித்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அடுத்த வேளை வரைக்கும் அந்தத் துண்டு கழுத்திலேயே கிடக்கும். நான் போகும்போதெல்லாம் முதல் வேலையாக அதை அவிழ்ப்பேன்.

ஒருமுறை கிளம்பும்போது, "உனக்கு என்னாப்பா வாங்கியாரட்டும்?" என்று கேட்டேன். இடது கையால் இடுப்பைத் தடவிக் காட்டினார். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கடையில் மடக்குக் கத்தி வாங்கினேன். என் இரண்டு கையாலும் திறக்க முடியவில்லை, நகம்தான் உடைந்தது. கடைக்காரர், "புதுசுல டைட்டாத்தாம்மா இருக்கும், போவப் போவ சரியாயிடும்" என்றார். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா அதைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "மசியாது... மசிய வக்கணும்" என்றார். தெளிவாகவே சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பிடியை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். வலது முட்டி இறுக்காது, கத்தி நழுவிக் கீழே விழும். குனிந்து எடுப்பதற்கே வெகுநேரம் ஆகும். எடுப்பார், திரும்ப இடுக்குவார். அலகைக் கொஞ்சம் இழுப்பார், விட்டுவிடுவார், மூச்சு வாங்குவார். அண்ணி கொடுத்த தேங்காய் எண்ணெயை விட்டதில் பிசுக்கு ஏறி இன்னும் இறுகிப்போனது. எதிர் வீட்டுத் தையல்கார பாய் இதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தேங்கா எண்ணெ ஒட்டிக்கும் பெரியவரே. மண்ணெண்ணெயில கழுவிட்டு மிஷின் எண்ணெ விடுங்க. ஜாஸ்தி வேணாம், ஒரு சொட்டு."

அவரே கழுவி, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். "நான் தொறந்து காட்டட்டுமா?" என்று கேட்டபோது அப்பா கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம். பாய் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கத்தி மெல்ல மெல்ல மசிந்தது. முட்டி இடுக்கலை விட்டு, பிடியை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலாலேயே நெட்டத் தொடங்கினார். டக்கென்று விரியும், டக்கென்று மடங்கும். "நாள் பூரா டக்கு டக்குன்னு, தலவலியே வந்துடுது" என்று அண்ணி போனில் அலுத்துக்கொண்டார். எனக்கோ அந்தச் சத்தத்தைப் போனிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம் போல் இருந்தது. அடுத்த முறை நான் போனபோது ஒரு மாங்காயைத் தொடையில் வைத்துத் தானே கீறி எனக்கு ஒரு பத்தை கொடுத்தார். கோணல்மாணலாக இருந்தது. உப்புகூடத் தொடாமல் தின்றேன்.

இப்போது அந்தத் துண்டுக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் சோறு ஊட்டிவிட்டு வழக்கம்போல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெயில், வியர்வை, ஈரத் துண்டு. முடிச்சோ பிடரியில், அவருக்கு இருப்பதோ ஒரு கை. ஊரார் வலைச் சிக்கையெல்லாம் எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் கழுத்திலிருந்த முடிச்சு எட்டவில்லை. கத்தியை விரித்தார். கன்னத்துக்குக் கீழே துண்டை விலக்கிப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால், பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு, கத்தியை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக அறுத்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். அவர் பார்த்தது, அப்பாவின் கழுத்தில் கத்தி. பாய்ந்து பிடுங்கியதில் அண்ணனின் விரலில் வெட்டு விழுந்தது. வீட்டில் சிந்திய ரத்தம் அது ஒன்றுதான், அப்பாவின் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணன் எனக்குப் போன் செய்தார், அழுதார். நான் பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர்வதற்குள் உறவு முழுக்கச் செய்தி போய்விட்டது. அப்பா என்னைப் பார்த்ததும், "துண்டு... துண்டு..." என்றார். அடுக்களையில் கைப்பிடித் துணியாகக் கிடந்த அந்தத் துண்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். ஓரமாக, வெளிப்புறம் இழுத்து, நேராக அறுபட்டிருந்தது. வலை அறுக்கிறவன் அறுப்பு.

"அவுக்க முடியாம அறுத்துருக்காருண்ணா. பாரு, துண்டப் பாரு" என்றேன்.

"நீ பாக்கல. நான் பாத்தேன். கழுத்துல வச்சிருந்தாரு. அவரு மனசுல என்னா இருந்துச்சின்னு உனுக்குத் தெரியுமா? நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா ஊர் என்னயத்தான கேக்கும்?"

"அப்பாவக் கேளேன். எதிர்லதான இருக்காரு."

"அவரு பேசறது யாருக்குப் புரியுது?" என்றார் அண்ணன்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கத்தி பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சாவி அண்ணி கையில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியெல்லாம் செய்யலாமா பெரியப்பா", "தப்பு மாமா" என்று புத்தி சொன்னார்கள். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இடது கட்டைவிரல் மட்டும் வெறுங்கையில் நெட்டிக்கொண்டே இருந்தது. நடுக்கம் என்று அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் போய்விட்டார். மூளையில் இரண்டாவது அடைப்பு என்றார் டாக்டர். இருக்கலாம், நான் டாக்டர் இல்லை.

குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுக்கக் கத்தி கேட்டார்கள். அண்ணி பீரோவைத் திறந்து அந்தக் கத்தியைக் கொண்டுவந்தார். அன்று பூட்டு எவ்வளவு சீக்கிரம் திறந்தது! அண்ணன் இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நெட்டினார். அது பூப்போல விரிந்தது. "பரவால்லயே, நல்ல கத்தியா இருக்கே" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். அதை மசிய வைத்தவர் பெஞ்சில் படுத்திருந்தார்.

சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது ஊரிலிருந்து வந்த சித்தப்பா அண்ணனிடம் சொன்னார்: "கொள்ளி வக்கிறவன் கையில இரும்பு இருக்கணும்டா. இந்தக் கத்தியவே மடியில வச்சிக்க, காரியம் முடியற மட்டும் எடுக்காத. ஆசையில கிட்ட வந்து நிப்பாரு, இரும்பு இருந்தா வர மாட்டாரு." அண்ணனும் அப்படியே செய்தார். தூங்கும்போதுகூடத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். உயிரோடிருந்த அப்பாவின் கையில் இருக்கக்கூடாத கத்தி, செத்த அப்பா பக்கத்தில் வந்துவிடாமலிருக்கக் காவல் காத்தது. என் வயிறு இன்றும் எரிகிறது. நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு சிதம்பரம் வந்தேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் தன் விரலிலிருந்த தழும்பையே தேய்த்துக்கொண்டிருந்தார். "நான் பயந்துட்டேம்மா" என்றார். பிறகு, "போட்டுக்க" என்றார். அதற்காக அவருக்கு நன்றி. துக்கத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், பந்தல் போட்டு, சமைத்து, எங்களைச் சாப்பிட வைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்குப் புத்தி சொன்னவர்களுக்கு நான் நன்றி சொல்வதற்கில்லை. ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் கொடுத்த பாய்க்கு என் ஆயுள் உள்ளவரை நன்றி.

இன்றைய படையலில் அப்பாவுக்குப் பிடித்த சுறாப் புட்டும், இறால் வறுவலும் இருக்கின்றன. இலை ஓரத்தில் ஒரு மாங்காயை நறுக்காமல் முழுதாக வைத்திருக்கிறேன். பக்கத்தில் அந்தக் கத்தியை மடக்கி வைத்திருக்கிறேன். படையலில் இரும்பை வைத்தால் அவர் வர மாட்டார், எடுத்துவிடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். யாரும் அதில் கை வைக்க வேண்டாம். அப்பா வருவார், தானே விரித்துத் தானே கீறித் தின்பார்.

மகள்,
சிதம்பரம்.