யாரும் வாங்காத மடிக்கணினி

என் சமையலறையில் இருக்கும் ஃபிரிட்ஜின் கதவு, மற்ற வீடுகளில் திறப்பதற்கு எதிர்ப்புறமாகத் திறக்கும். தண்ணீர் எடுக்கப் போகும் விருந்தினர்கள் கைப்பிடி இல்லாத பக்கத்தைச் சற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ தவறு செய்துவிட்டவர்களைப் போல என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சமையலறையில் ஃபிரிட்ஜ் வைக்க ஒரே ஒரு மூலைதான் உண்டு. அதன் வலப்பக்கம் சுவர். வழக்கமான கதவாக இருந்தால் சுவரில் இடித்துப் பாதியில் நின்றுவிடும், காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியாது. அந்த மூலைக்கென்றே செய்தது போன்ற ஒரு பெட்டியை எனக்குத் தேடிக் கொடுத்தவர் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இருந்த டைப்பிஸ்ட் அக்கா.

அது ஓர் ஆடி மாதம். புதுச்சேரி நேரு வீதியின் கடைகள் எல்லாம் தள்ளுபடிப் பலகைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. நான் அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தேன். அக்கா ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக ஒரு கடைக்குள் நுழைந்து, விலைப்பட்டியலோடு ஓடிவந்த விற்பனையாளரிடம், "தம்பி, உங்ககிட்ட எது ரொம்ப நாளா போவாம நிக்குது?" என்று கேட்டார். அந்த இளைஞர் திகைத்துப்போனார். எது அதிகம் போகிறது என்று கேட்பவர்களுக்குத்தான் அவரிடம் பதில் இருந்தது. கடை முதலாளி மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, கிடங்கின் கோடியில் துணி போர்த்திக் கிடந்த ஒரு பெட்டியைக் காட்டினார். யாரோ சொல்லி வரவழைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுப்போனது. கதவு மாறித் திறக்கிறதென்று வந்தவர்கள் எல்லாம் ஒதுக்கிவிட்டார்களாம். அக்கா கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். "லைப்ரரிம்மா, உங்க வூட்டுச் செவுரு எந்தப் பக்கம்?" என்று என்னிடம் கேட்டார். கல்லூரி நூலகராக இருந்த என்னை அவர் அப்படித்தான் அழைப்பார்.

அவருடைய முறை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. விற்காத பொருளை முதலில் கண்டுபிடிப்பார். ஏன் விற்கவில்லை என்று விசாரிப்பார். பிறகு, அந்தக் காரணம் தமக்கோ, யாருக்காக வாங்குகிறாரோ அவருக்கோ ஒரு காரணமாகுமா என்று நிதானமாக யோசிப்பார். எங்கள் கல்லூரி முதல்வர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் இருக்கிறது. அது சுவரில் தொங்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கீறலை யாரும் பார்த்ததில்லை. காவலாளிக்கு வாங்கிக் கொடுத்த கைப்பேசி, யாரும் விரும்பாத பச்சை நிறம். "இருட்டுல நிக்கிற ஆளுக்குக் கலர் எதுக்கு?" என்றார் அக்கா. கணக்குப் பிரிவில் இருந்த தம்பி தம் திருமணத்துக்கு முன், வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலை அவரிடம்தான் முதலில் காட்டினார். அழைப்பிதழே அதற்குப் பிறகுதான் வந்தது.

அவருடைய சொந்த வேலையோ தட்டச்சு. ஆங்கிலத்திலும் தமிழிலும் முதுநிலைத் தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறியவர். கல்லூரிக்குக் கணினிகள் வந்தபோது மற்றவர்கள் பயிற்சிக்குப் போனார்கள். அக்கா நாற்காலியை மட்டும் சற்று உயர்த்திக்கொண்டு பழைய வேகத்திலேயே அடித்தார். இடப்பக்கம் சாய்த்து வைத்த தாளின் மேல் கண் இருக்கும். விரல்கள் அவற்றின் போக்கில் ஓடும். நடுவில் யாராவது பேச வந்தால் முகத்தை அவர் பக்கம் திருப்பிப் பதில் சொல்வார், விரல்கள் நிற்காது. இதை நான் பல ஆண்டுகள் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

ஓய்வு பெற அவருக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. எங்களுடையது தனியார் கல்லூரி. ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. இந்த ஊரில் பழைய ஆட்கள் இன்றும் நொத்தேர் என்று சொல்லும் பத்திர வழக்கறிஞர் ஒருவர், வீட்டில் இருந்தே பத்திரங்களைத் தட்டச்சு செய்து தர முடியுமா என்று அக்காவைக் கேட்டிருந்தார். முதலில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், ஒரு வாரத்துக்குள் பிழையில்லாமல் வர வேண்டும். வந்தால் தொடர்ந்து வேலை. ஒரே நிபந்தனை, கணினி அவருடையதாக இருக்க வேண்டும். நிபந்தனை சிறியதுதான், ஆனால் அக்காவுக்கு அதுதான் சிக்கல். ஊருக்கெல்லாம் பொருள் தேடிக் கொடுத்தவரின் ரெட்டியார்பாளையத்து வீட்டில் அவருக்கென்று எதுவும் தங்கியதில்லை. ஒரு முறை வாங்கிய மேசைக்கணினியைத் தட்டாஞ்சாவடியில் சிறு பட்டறை வைத்திருக்கும் மகன், "ரெண்டு நாளு மட்டும்மா" என்று எடுத்துப்போனார்; அது அங்கேயே தங்கிவிட்டது. அடுத்து வாங்கிய டேப்லெட் பேத்தியின் பாடங்களுக்குப் போயிற்று. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அன்பாகக் கேட்டார்கள், அக்கா அன்பாகக் கொடுத்தார். எடுத்தது திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில் அவர் ஒரு துணிப்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்து, முந்தானையால் ஒரு முறை துடைத்தார். பழையதானாலும் புதிது போலவே இருந்தது. நாங்கள் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டோம். கணக்குப் பிரிவுத் தம்பி மூடியைத் திறந்தார், குனிந்து பார்த்தார், பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"அக்கா, இன்னா இது? முதல் வரிசையே ஏ, இசட்னு ஆரம்பிக்குது. க்யூ அங்க இல்ல, கீழ வந்து குந்தியிருக்குது. எம்மு எங்க, காணோமே?"

"எல்லுக்குப் பக்கத்துல பாரு" என்றார் அக்கா.

அது பிரான்சில் விற்கும் மடிக்கணினி. அங்கே எழுத்துகளின் வரிசை வேறு. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பாரீஸ்காரர்கள் திரும்பிப் போகும்போது இப்படி எதையாவது விற்றுவிட்டுப் போவது இங்கே வழக்கம்தான்.

"ஊருக்கே பார்த்துப் பார்த்து வாங்கிக் குடுத்த அக்காவுக்கே ஒருத்தன் வித்துட்டாம்பா" என்றார் தம்பி. "விமானத்துல ஏறி வந்து, உங்களுக்காகவே காத்துக்கிட்டு இருந்துருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் முதல்வர் அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது, எழுந்து போய்விட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பத்திரத்துக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன. தமக்கென்று வாங்கிய பொருளில் அவர் முதன்முறையாக ஏமாந்துவிட்டார், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சிரிக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், அக்காவின் துணிப்பையில் பெயர் அச்சிட்டிருந்த, அண்ணா சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பழைய கணினிக் கடைக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். வாழ்க்கையில் நான் கடைக்காரர் ஒருவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு நாள்தான். விவரம் தெரியாத ஒரு பெண்மணியின் தலையில் இப்படிக் கட்டலாமா, மரியாதையாகத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"யாரு மேடம், டைப்பிஸ்ட் அம்மாவா? விவரம் தெரியாத பெண்மணியா அவங்க?" என்றார். "எது போவாம நிக்குதுன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. இது ஆறு மாசமா நிக்குதுன்னேன். பிரெஞ்சு கீபோர்டும்மா, உங்களுக்கு ஆவாதுன்னு மூணு தபா சொல்லிட்டேன். சரி, எழுத்து மேல இங்கிலீஷ் ஸ்டிக்கராவது ஒட்டித் தரேன், காசு வேணாம்னேன். அதுக்கும் ஒத்துக்கல. ஸ்டிக்கர் ஒட்டுனா எனக்கு வேணாம், அப்படியே குடுங்கன்னாங்க. நீங்க வேணா அவங்களையே கேளுங்க மேடம். திருப்பிக் குடுத்தா நான் எடுத்துக்கறேன். ஆனா குடுக்க மாட்டாங்க."

வந்த வேகத்தில் பாதிகூட இல்லாமல் திரும்பினேன். அலுவலகத்துக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது, பல ஆண்டுகளாகக் கேட்ட அதே சீரான சத்தம். அக்காவின் மேசையைச் சுற்றி அலுவலகமே நின்றிருந்தது. கணக்குப் பிரிவுத் தம்பி பழைய சுற்றறிக்கை ஒன்றை வேகவேகமாகப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டிருந்தார். கணினியின் அமைப்பில் விசைப்பலகையின் மொழியை நமது வழக்கமான ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தார். அவ்வளவே செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகு, விசையின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதைப் பார்த்து அடிப்பவர்களின் கவலை. அக்காவின் விரலுக்குக் கீழே எல்லா எழுத்தும் அதனதன் பழைய இடத்தில்தான் இருந்தது.

"தமிழ் மட்டும் எந்த லேப்டாப்புல எழுதி வச்சு விக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். "அதை நான் அடிக்கலையா?"

ஒரே ஓர் இடத்தில் அந்தப் பிரெஞ்சுப் பெட்டி தன் குணத்தைக் காட்டியது. பெரிய எழுத்துக்காக இடது சுண்டு விரல் அழுத்தும் விசை அதில் பாதி நீளம்தான். அதை ஒட்டி வேறொரு விசை முளைத்திருந்தது. அதனால் ஆங்கிலத்தில் புதுச்சேரி என்று வந்த இடங்களில் எல்லாம் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு விழுந்து, பெயர் சிறிய எழுத்தில் தொடங்கியது. தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, நம்ம ஊரு பேர் வந்தா மட்டும் அதுக்குப் பிடிக்கல. பிரெஞ்சுக்காரன் போய் எத்தினி வருஷமாச்சு, இன்னும் கோவம் தீரல." அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த ஊர்ப் பெயரையே ஒரு பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப அடித்தார். பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு சாய்கோடுகூட இல்லை.

மாலையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அக்காவோடு பேருந்து நிறுத்தம் வரை நடக்கும்போது நான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டதை ஒப்புக்கொண்டேன். அக்கா நடையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? புஸ்தகத்தைக் கிழிச்ச பசங்களையே திட்ட மாட்டீங்க. எனக்காகச் சண்டை போட்டீங்களா?"

"கொஞ்சம் சத்தமாகவே போட்டேன் அக்கா. ஆனால் ஸ்டிக்கர் ஏன் வேண்டாமென்றீர்கள்? அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒட்டியிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்குமே."

"அதுக்குத்தான் வேணாம்னேன்" என்றார்.

மீண்டும் நடக்கத் தொடங்கினார். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார். "விலை கம்மிங்கறதுக்கா வாங்குனேன்னு நெனைச்சீங்க? விலையும் கம்மிதான், இல்லேங்கல. ஆனா நல்ல லேப்டாப்பா வாங்கி வச்சா நாளைக்குப் பையன் வந்து கேப்பான். எனக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லத் தெரியாது லைப்ரரிம்மா. இது அதுவா சொல்லிடும்."

ஐந்தாவது நாள் மாலையில் பத்திரம் போய்ச் சேர்ந்தது. நொத்தேர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பத்திரக் கட்டை எடுத்து நீட்டினாராம். அதைச் சொல்லிக் காட்டும்போது அக்கா அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொள்வார்; பாராட்டியிருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார் என்று தோன்றும்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கைப்பேசியைத் திறந்தால் தள்ளுபடிகள் தாமாகவே வந்து குவிகின்றன. எது அதிகம் விற்கிறது என்று நாம் கேட்காமலே சொல்கின்றன. எது விற்காமல் நிற்கிறது என்று கேட்க அங்கே இடமில்லை. போன மாதம் நான் ரெட்டியார்பாளையம் போயிருந்தேன். பகல் பதினொரு மணி, ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் சன்னலுக்கு எதிரே அக்காவுக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைமேல் அதே மடிக்கணினி. பக்கத்தில் கட்டுக் கட்டாகப் பத்திரங்கள். முதல் வாரத்திலேயே மகன் அதை எடுத்துப் பார்த்தாராம். பட்டறையின் பெயரை அடிக்கப் போய், வந்ததைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். பேத்தியும் ஒரு நாள் முயன்று கைவிட்டாளாம்.

அன்று அந்த மகன் ஒரு விலைப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு அருகில் நின்றிருந்தார். பேத்தி கல்லூரிக் கட்டுரையோடு அவரை முந்தப் பார்த்தாள்.

"ஆயா, எனக்கு நாளைக்கே தரணும்."

"எம்மா, நான் காத்தாலேயே வந்துட்டேன்" என்றார் மகன்.

அக்கா பத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் உக்காருங்க. நொத்தேர் வேலை முடியட்டும். யாரு முன்னாடி வந்தாங்களோ அவங்களுக்கு முதல்ல."

இருவரும் மறுபேச்சில்லாமல் சன்னலோரத்து மரப்பலகையில் போய் உட்கார்ந்தார்கள். என் பையிலும் தட்டச்சு செய்ய வேண்டிய நான்கு தாள்கள் இருந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பேத்திக்கு அடுத்து மூன்றாவதாக நானும் உட்கார்ந்தேன்.