மதிய இடைவேளையில் கழற்றி வைக்கப்படும் வாய்

என் மகள் கயல்விழியின் வகுப்பில் பெரியவர்களும் விரலால்தான் பேசுகிறார்கள். மெல்போர்னுக்கு வந்த புதிதில் எனக்கு இது ஏதோ விளையாட்டாகத் தெரிந்தது. வாசலில் எங்களைக் கண்டதும் ஆசிரியை ஜென்னி கழுத்தில் தொங்கும் படப்பலகையை எடுப்பார். "வா" என்று சொல்லிக்கொண்டே அதற்கான படத்தைத் தொடுவார், "விளையாடு" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றைத் தொடுவார். வாயுள்ள மனுஷிக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று நினைத்தேன். பிறகு விளக்கினார்கள். கயலுக்குப் பதினோரு வயது. பேச்சு வரவில்லை. படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட்தான் அவளுக்கு வாய். தன்னைச் சுற்றி ஒருவரும் பேசாத மொழியை ஒரு குழந்தை எப்படிக் கற்கும்? அதனால் கூட இருப்பவர்கள் எல்லாரும் அவள் மொழியில் பேச வேண்டுமாம். கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன். இப்படியும் ஒரு தேசமா என்று ஊரில் எல்லாருக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

நாங்கள் ஆரணிக்காரர்கள். அண்ணனுக்குப் பட்டுச்சேலை வியாபாரம், வீட்டின் பின்கட்டில் தறி. இங்கே என் கணவருக்குக் கிடங்கில் வேலை. ஷிப்டும் வாடகையும் மனிதரைச் சக்கையாகப் பிழிந்துவிட்டன. போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அப்படியே தங்கிவிடலாமா என்ற யோசனையோடுதான் போனோம். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. கயலின் டேப்லெட் நாள் முழுக்க அவள் கையில் இருக்க வேண்டும், வீட்டிலும் பள்ளியிலும்.

போய்ச் சேர்ந்த அந்த வாரமே, அண்ணியோடு தேவிகாபுரம் கோயிலுக்குப் போனேன். கயலை அண்ணன் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தால் தட்டு ஒரு மூலையில் கிடக்கிறது, சோறு தரையெங்கும் இறைந்திருக்கிறது. கயல் தன் மணிக்கட்டைக் கடித்துப் பல் பதித்து வைத்திருந்தாள். டேப்லெட்டைக் காணவில்லை.

"அது எங்கண்ணா?"

"பத்திரமாத்தான் கீது. சாப்ட்டுகினே கொழம்புக் கையோட அத்தத் தொடுது. வெல ஜாஸ்தி சாமான்னு மாப்ள சொன்னாரு. ஒடஞ்சி கிடஞ்சி போச்சின்னா இங்க யாரு ரிப்பேர் பண்ணுவா? அதான் பீரோல வெச்சிப் பூட்டிட்டேன்."

முகூர்த்தப் பட்டைச் சுற்றி வைக்கும் வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு பூச்சி உருண்டையும் போட்டு வைத்திருந்தார். எங்கள் ஊரில் உயர்ந்த பொருளுக்குச் செய்கிற மரியாதை அதுதான். எடுத்துப் புழங்கினால் மரியாதை போயிற்று. திட்ட வாயெடுத்தவள் அந்தத் துணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"அது அவ பேசறதுக்குண்ணா."

"நீ வந்ததும் குடுக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இன்னாம்மா பேசப் போறா? பசிச்சா சோறு போடறோம், தூக்கம் வந்தா பாய் போடறோம்."

டேப்லெட்டைக் கையில் கொடுத்தேன். அது தமிழ் பேசாது, ஆஸ்திரேலியச் சிறுமியின் குரலில் ஆங்கிலம்தான். "காது. வலி. நிறுத்து," என்றது. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே விழாது. எனக்கும் விழவில்லை. பகல் முழுக்க அந்தக் குழந்தை அதைச் சொல்ல வழியில்லாமல் கையைக் கடித்திருக்கிறாள்.

போளூர் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். கரெஸ்பாண்டன்ட் அம்மா நல்லவர், கயலின் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். "செல்லு, டேப்பு எதுவும் ஸ்கூலுக்குள்ள அலவ் பண்றதில்லீங்க. ஒரு புள்ளைக்குக் குடுத்தா மத்த பேரண்ட்ஸ் வந்து நிப்பாங்க. நீங்க ஏங்க கவலப்படறீங்க? கொழந்தை மொகத்தப் பாத்தா எங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது அம்மா. பெற்ற எனக்கே தெரியவில்லை. ஆனால் இதை அங்கே சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். டிக்கெட்டில் போட்டிருந்த தேதியிலேயே விமானம் ஏறினோம். தங்கச்சிக்கு ஊர் பிடிக்கவில்லை, வெள்ளைக்காரியாகிவிட்டாள் என்று அண்ணன் சொந்தக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அப்படி ஊரை உதறிவிட்டு எதற்காக வந்தேனோ, அதுவும் இங்கே முழுசாக இல்லை. ஒருநாள் பள்ளிவிட்டு வந்த கயலின் மணிக்கட்டில் மறுபடியும் பல் தடம். கேட்டேன். பொறுமையாகத் தேடித் தேடித் தொட்டாள். "மதியச் சாப்பாடு. பெண். தள்ளு. வேண்டாம்."

மறுநாளே ஜென்னியிடம் போய் நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, மதிய இடைவேளைக்கு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளின் டேப்லெட்டும் சார்ஜர் அலமாரிக்குள் போய்விடுமாம். மைதானம் சிமென்ட் தரை, கீழே விழுந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல். இங்கேயும் பத்திரம்தான், வெள்ளைத் துணி மட்டும் இல்லை.

"ஆனால் கயல் இடைவேளையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். இதுவரை ஒரு புகார்கூடச் சொன்னதில்லையே," என்றார் ஜென்னி.

"எதை வைத்துச் சொல்வாள்?" என்றேன். "அது அவள் வாய். மதியத்துக்கு யாராவது வாயைக் கழற்றி அலமாரியில் வைப்பார்களா?"

என் ஆங்கிலத்தில் கோபம் சரியாக ஏறுவதில்லை போலிருக்கிறது. ஜென்னி நெஞ்சில் கை வைத்து, "எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்!" என்று உருகினார். கேட்டு எழுதியும் கொண்டார். அடுத்த பருவத்தில் பரிசீலிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். சில வாரம் கழித்துப் போனபோது, 'இது என் வாய்' என்று பூ வரைந்த சுவரொட்டி ஒன்று கண்ணில் பட்டது. கீழே, 'ஒரு தாயின் சொற்கள்' என்று வேறு போட்டிருந்தார்கள். அதை அந்தச் சார்ஜர் அலமாரியின் கதவில்தான் ஒட்டியிருந்தார்கள். உள்ளே டேப்லெட்டுகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. வெளியே மணி அடித்து, பிள்ளைகள் வெறுங்கையோடு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். "அங்கயும் பேஜார்தான்னா பேசாம இங்க வந்துடுங்கம்மா. கரெஸ்பாண்டன்ட் அம்மா கிட்ட நான் இன்னொரு தபா பேசறேன்," என்றார். அவர் கயல் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு கண்ணு. உனக்கு மாமா ஊரா, அந்த ஊரா?"

தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். டேப்லெட்டில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். மாமா படம் இருந்தது, பள்ளியின் படம் இருந்தது, விமானம்கூட இருந்தது. எதையும் தொடவில்லை. கடைசியில் மூலையில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினாள். "எனக்கு வேண்டிய சொல் இதில் இல்லை," என்றது அந்த ஆஸ்திரேலியக் குரல். சொற்களை நாம் பொறுக்கி வைக்கிறோம், நாம் வைக்க மறந்ததைக் குழந்தை சொல்லிக் காட்ட வழி வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர் வைத்த பொத்தான் அது. கயல் அதைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா சொல்லுது?"

சொன்னேன். "அவ்ளோதான? நீதான சேக்கற. அந்தச் சொல்லையும் சேத்துடேன்," என்றார் அண்ணன்.

திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். படமும் பெயரும் கேட்டு ஒரு காலிக் கட்டம் வந்தது. கயல் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கும் அந்தச் சொல் தெரியவில்லை.