பத்து அடி மந்திரச் சுவர்

கேரம் போர்டில் தூவிய பவுடர்மேல் இருபது முகப் பகடை உருளும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அது அடங்கும்வரை நாங்கள் மூவரும் மூச்சு விடமாட்டோம். செஞ்சி கடைவீதியில், தரணேந்திரன் வீட்டு மாடியில், ஒரு மே மாதம் முழுக்க அந்தச் சத்தத்திலேயே போயிற்று. பெங்களூரிலிருந்து வந்த அவன் மாமா பையன் பகடையைக் கொடுத்துவிட்டு, அதை உருட்டி ஆடும் மாயாஜால விளையாட்டின் இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் போய்விட்டான். அதற்குள் இரண்டே நாளில் அதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைத்தவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். என்னை நம்பி இருவர் விளையாடுகிறார்கள் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தரணி கதை சொல்லி அரக்கர்களை ஏவுவான். எங்களில் மூன்றாமவளான ஸ்டெல்லாவும் நானும் எதிர்த்து நிற்போம். ஸ்டெல்லா தன் மந்திரக்காரியை ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, தினமும் ஒரு நகை சேர்த்து வளர்த்துவந்தாள். செத்தால் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

லீவு முடிந்தது; மறுநாள் அவள் திண்டிவனம் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். அந்தக் கடைசி நாளில் ஒரு ராட்சசன் அவளைத் துரத்தினான். அவள் மந்திரச் சுவர் எழுப்பினாள். அவன் அடித்தான். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த தரணி, பத்தாவது அடியில், "செவுரு ஒடஞ்சிச்சி, நீ காலி" என்று தாளுக்குக் கை நீட்டினான்.

"இன்னாடா காலி? நோட்டப் பாரு" என்றாள் ஸ்டெல்லா.

நோட்டில் 'மந்திரச் சுவர் – பத்து அடி' என்று மட்டும் இருந்தது.

"பத்து அடி தாங்கும்னு அர்த்தம்" என்றான் தரணி.

"செவுத்துக்கு அடின்னா ஒசரம்டா, மண்டு! எத்தினி அடிச்சாலும் ஒடையாது. டேய் ஏழுமல, எழுதனவன் நீதான? சொல்லு!"

சத்தியமாக எனக்கு நினைவில்லை. உயரம் என்று சொல்லிவிட்டால் தாள் பிழைக்கும். பொய் வாயில் வரவில்லை. "மறந்துட்டேன் ஸ்டெல்லா" என்றேன்.

"இங்கிலீசு தொரைக்கு மறந்துட்ச்சாம்!" என்று தரணி சிரித்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற ஜைனக் குடும்பம்; கீழிருந்து அவன் அம்மா இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார். ஸ்டெல்லா தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான், கொத்தனாரான என் நைனா பழைய சுவர் இடிக்கும் இடத்திலெல்லாம் ஆட்களிடம் கத்துவது நினைவுக்கு வந்தது.

"தரணி, ரெண்டுமே இருக்கட்டும். பத்து அடி ஒசரம், பத்து அடி தாங்கும். உன் ராட்சசன் செவுத்துல எங்க அடிச்சான்?"

"அடியிலதான்! கதாயுதத்தால, செம அடி" என்றான் பெருமையாக.

"எங்க நைனா சொல்லும், 'செவுத்த அடியில அடிக்காத, அடிச்சவன் மேலயே சாயும்'னு."

ஸ்டெல்லா போட்ட கூச்சலில் மாடிப்புறாக்கள் பறந்தன. தரணி என்னை முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, செத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஓடினான்.

அந்த நோட்டு இப்போது இல்லை. மாடி இருந்த இடத்தில் மூன்று தளக் கடை. ஒரு சொல்லுக்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போடவும் இன்று வழியில்லை, எல்லாவற்றுக்கும் போன் பதில் சொல்லிவிடுகிறது. போன வாரம் நானும் தேடிப் பார்த்தேன்: உயரம்தான்; எத்தனை முறை அடித்தாலும் அந்தச் சுவர் உடையாது, சாயாது. எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். "அப்ப என் ராட்சசன் சாவலையா?" என்று கேட்டான் தரணி. திருச்சியில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா, டூட்டிக்கு நடுவிலும் உடனே எழுதினாள்: "செத்தது செத்ததுதான், போடா."