புதூர்நாட்டு ஜீப்காரரின் காது

அவரைப்போல் காது உள்ள ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. புதூர்நாட்டில் ஜீப் ஓட்டினார். மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து வாங்கிய இரண்டு ஹாரன் ஸ்பீக்கர்களைக் கூடத்தில் வைத்து, நடுவில் பேஸ் சத்தத்துக்காகத் தானே அடித்த சப்வூஃபர் பெட்டியை வைத்திருந்தார்.

ஆலங்காயத்தில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னை, கேட்டுச் சொல்லச் சொல்லி ஜீப்பில் அழைத்துப்போனார். பாட்டு ஓடும்போது உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பொதுவாக ஹாரன் ஸ்பீக்கரின் சத்தம் முந்தும், பேஸ் பிந்தும். பெட்டியை நகர்த்தி நகர்த்தி இரண்டையும் சேர்ப்பது லேசான வேலை இல்லை. இருபது வருஷமாக எனக்கே அமையவில்லை. இவர் சத்தம் அளக்கும் மீட்டர்கூட இல்லாமல் சேர்த்திருந்தார். தவிலும் நாயனமும் ஒரே இடத்திலிருந்து வந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

“எப்டி இருக்குதுங்க?”

“நல்லாத்தான் இருக்கு. பேஸ் மட்டும் கொஞ்சம் லேட்டா வருது,” என்று பொய் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். தரையெங்கும் சாக்பீஸ் கோடுகள். பெட்டி வாசற்படிவரை வந்திருந்தது.

“இப்போல்லாம் பாட்டே கேக்கறதில்லீங்க. பொட்டியத்தான் நவுத்திக்கினே கீறாரு,” என்றார் அவர் மனைவி.

அவர் பாட்டைப் போட்டார். இப்போது பேஸ் உண்மையாகவே பிந்தியது. பெட்டி முதலில் இருந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

“இப்ப சரியா இருக்குதுங்களா?”

“இப்பதான் கச்சிதமா இருக்கு,” என்றேன்.

கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்தார். கை ஓரிடத்தில் நிற்காமல் தடவிக்கொண்டே இருந்தது.

“அப்ப என் காதுதான் சரியில்லீங்க போல,” என்றார்.