டார்லாவுக்குத் துப்பாக்கி கிடையாது

நவம்பர் பதினைந்தாம் தேதி வந்தால் மிச்சிகனின் வடகோடியில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். அந்த வாரத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வைத்தால் மாப்பிள்ளையே வர மாட்டான். பல் போன கிழவர் வரை ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். டார்லா கங்காஸும் கிளம்புவாள். அவள் கையில் மட்டும் ஒரு நெளிந்த வாணலியும் கரண்டியும் இருக்கும்.

விரட்டுவது அவள் வேலை. காட்டின் ஒரு முனையில் ஆண்கள் துப்பாக்கியோடு அசையாமல் நிற்பார்கள். மறுமுனையிலிருந்து டார்லா முழங்கால் புதையும் பனியில் வாணலியைத் தட்டிக் கத்திக்கொண்டே வருவாள். மிரண்ட மான்கள் அவளுக்கு முன்னால் ஓடி, நேராக அவர்கள் குறிக்குள் போய் விழும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் மான் எந்தத் தடத்தைப் பிடிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அப்புறம் குடலெடுத்துத் துப்புரவு செய்வதும் அவள்தான். சுடுவது மட்டும் கூடாது. இருபத்தெட்டு வருஷமாக இதே கூத்து.

அவளுக்குச் சுடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வட்டாரத்தில் அவள் அப்பாவுக்கு அடுத்தபடி குறி தப்பாத கை அவளுடையது. அதனால்தான் அந்த மனுஷர் சாகும்போது தன் துப்பாக்கியை மகன் ரெய்னோவுக்குக் கொடுக்காமல் மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மறு வருஷமே அவள் அதைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது.

எல்லாம் கிளின்ட் செய்த வேலை. அவள் அண்ணன் ரெய்னோவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் அவன். அப்போது டார்லாவோடு சுற்றிக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் ஒரு கோடை வீட்டில் தச்சு வேலை பார்த்ததாகவும், விட்டுவந்த சாமான்களை எடுக்க வேண்டும் என்றும் சொல்லி அவளை வண்டி ஓட்டச் சொன்னான். அவள் எஞ்சினை அணைக்காமல் வெளியே காத்திருந்தாள். உள்ளே அவன் பூட்டை உடைத்துப் படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஆளில்லாத வீடு என்று அவன் நினைத்தது தப்பு. வீட்டுக்காரக் கிழவர் மாடியில் படுத்திருந்தார்.

போலீஸ் வந்ததும் கிளின்ட் முந்திக்கொண்டான். யோசனையே அவளுடையது என்று அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்னான். அதற்குக் கூலியாக அவன் குற்றத்தைச் சின்னதாக்கி அபராதத்தோடு விட்டார்கள். அவளுக்குப் பெரிய குற்றம், ஒரு வருஷச் சிறை. கோர்ட்டே மனது வைத்துத் திருப்பிக் கொடுக்கும்வரை துப்பாக்கி கிடையாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். அந்த வீட்டுக்குக் கிளின்ட் முதலில் கூப்பிட்டது ரெய்னோவைத்தான். அவன் மாட்டேன் என்று நழுவிக்கொண்டான். அதைக் கோர்ட்டில் சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை.

இதில் வயிறு எரிகிற சேதி இன்னொன்று உண்டு. ரெய்னோ தன் சிநேகிதனை விடவில்லை. வருஷா வருஷம் அவர்கள் வேட்டைக் குடிசையில் கிளின்ட்டும் வந்து உட்காருவான். போதாக்குறைக்கு, சும்மா கிடக்கிற துப்பாக்கிதானே என்று அப்பாவின் துப்பாக்கியையே அவனுக்கு இரவல் கொடுத்திருந்தான் ரெய்னோ. பூட்டை உடைத்தவன் துப்பாக்கியோடு நிற்பான். வண்டியில் உட்கார்ந்திருந்தவள் அவனுக்கு மான் விரட்டுவாள். பிறகு எதற்குப் போகிறாய் என்று கேட்டால், வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குக் காட்டில் நடப்பது மேல் என்பாள்.

பனிக்காலம் முழுக்க ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரியை ஓட்டுவதுதான் அவள் உத்தியோகம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டாள். உரிமை திரும்பி வந்தால் முதல் வேலையாக அப்பாவின் துப்பாக்கியைக் கிளின்ட் கையிலிருந்து பிடுங்க வேண்டும். அதற்குத்தான் மனு. விசாரணை முடிகிறவரை ஒரு தோட்டாவைக்கூடத் தொட்டுவிடாதீர்கள் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வேட்டையின் முதல் நாள். மூன்று பேரும் முள்கம்பி வேலி ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தது. வேலி வந்தால் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அங்கே இந்த முறை தெரியும். ரெய்னோ ஒழுங்காகக் கிளின்ட்டிடம் கொடுத்து, தாண்டி, திரும்ப வாங்கிக்கொண்டு, குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட ஆரம்பித்தான். கிளின்ட் தன் கையில் இருந்ததை டார்லாவிடம் நீட்டினான்.

அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "ரெய்னோகிட்ட குடு. மொதல்ல தோட்டாவ எடு."

"அட, சும்மா புடி டார்லா. இங்க உன்னை யாரு பாக்குறா? மானா போயி சாட்சி சொல்லப்போவுது?"

"சாட்சி சொல்ல நீ இருக்கியே."

அவன் முகம் கடுகடுத்தது. துப்பாக்கியோடே வேலியில் ஏறினான். உறைந்த கம்பியில் பூட்ஸ் வழுக்கியது. அவன் ஒரு பக்கம் விழ, துப்பாக்கி மறுபக்கம் சரிந்தது. அதன் வாய் நேராக ரெய்னோவின் முதுகைப் பார்த்தது. டார்லாவின் கை அவளைக் கேட்கவில்லை. குழலைப் பிடித்து வானத்துக்குத் திருப்பி, அடியில் இருந்த நெம்புகோலை இழுத்து இழுத்துத் தோட்டாக்களைப் பனியில் உதிர்த்தாள். அப்பாவின் துப்பாக்கி. அவர் உள்ளங்கை தேய்த்த இடம் இன்னும் வழவழவென்று இருந்தது.

ரெய்னோ திரும்பிப் பார்த்து வெளிறிப்போனான். அதற்குள் தூரத்துப் பாதையிலிருந்து வனக்காவலர் வருவது தெரிந்தது. ரெய்னோ செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு நன்றி இல்லை. தோட்டாக்களைப் பொறுக்கிக் கிளின்ட்டின் பையில் போட்டான். காவலர் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான், டார்லாவின் கையில் துப்பாக்கி. அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

விசாரணையில் நீதிபதி, இந்த வயதில் துப்பாக்கி எதற்குத் தேவை என்று கேட்டார்.

"எங்கப்பா எனக்குக் குடுத்தது, ஐயா. தேவைன்னு பாத்தா இந்த ஊர்ல யாருக்குத்தான் தேவை? வேற யாரையாச்சும் இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றாள். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

அரசுத் தரப்பு காவலரின் குறிப்பை எடுத்து வீசியது. இன்னும் உரிமை வராதபோதே எடுத்தவள், வந்தால் சும்மா இருப்பாளா என்றது. டார்லா நடந்ததைச் சொன்னாள். கிளின்ட்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். துப்பாக்கி காலியாகத்தான் இருந்தது, அவள் ஆசைப்பட்டு வாங்கிப் பார்த்தாள் என்றான். அந்த வாய்க்கு இது பழகிய பொய். தோட்டாவோடு வேலி ஏறினேன் என்று சொன்னால் வேட்டை லைசென்ஸ் போய்விடுமே.

மிச்சம் ரெய்னோ. தோட்டா இருந்ததா இல்லையா என்று கேட்டார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். டார்லா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைத் திருகினான்.

"நான் பாக்கலைங்க. குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தேன்."

மனு தள்ளுபடி. ஒரு வருஷம் கழித்து மறுபடி கேட்கலாம் என்றார்கள். வெளியே வந்ததும் ரெய்னோ அவள் பின்னாலேயே ஓடிவந்து, கிளின்ட்டுக்கு வேட்டையை விட்டால் வேறென்ன இருக்கிறது, அவளுக்குத்தான் அடுத்த வருஷம் இருக்கிறதே என்று மழுப்பினான். டார்லா லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிரவு கொட்டிய பனியை ஊர்ச் சாலைகளிலிருந்தெல்லாம் தள்ளிவிட்டாள். ரெய்னோ வீட்டு வாசலில் மட்டும் ஒரு மலையைக் குவித்துவிட்டுப் போனாள்.

அடுத்த நவம்பரில் அவள் வர மாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாணலியோடு வந்து நின்றாள். ரெய்னோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபம் தணிந்துவிட்டது, அவளுக்கும் நம்மை விட்டால் யார் என்று கிளின்ட்டிடம் சொல்லிச் சிரித்தான்.

ஆண்கள் போய் வழக்கமான இடங்களில் நின்றார்கள். டார்லா காற்றைப் பார்த்தாள். வழக்கம்போல் காட்டைச் சுற்றி மறுமுனைக்குப் போகவில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வளைந்து வந்து, அவர்களுக்கும் மான்களுக்கும் நடுவில் புகுந்து, அங்கிருந்து வாணலியைத் தட்ட ஆரம்பித்தாள். மான் கூட்டம் மொத்தமும் எதிர்ப்பக்கம், சதுப்பு நிலத்தைப் பார்த்துப் பிய்த்துக்கொண்டு ஓடியது. நின்றவர்கள் காதில் சத்தம் கிட்ட வரவில்லை, தேய்ந்துகொண்டே போனது. மதியம் வரை விறைத்து நின்றும் ஒரு வாலைக்கூட அவர்கள் பார்க்கவில்லை.

தடம் பிடித்து மூச்சிரைக்க வந்த ரெய்னோ, சதுப்பு நில ஓரத்தில் அவளைக் கண்டான். ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டியைத் தின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் பனி முழுக்க மான் குளம்புகள்.

"இத்தனை மானும் எங்க போச்சு டார்லா?"

அவள் மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நான் பாக்கலை. குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தேன்."